மோட்டார் யார் பெயரில்?



உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதே மோட்டார், அது யாருடையது? “இதென்ன கேள்வி வாத்தியாரே, என் மகன் காசு கொடுத்து வாங்கியதுதான்” என்பீர்கள். காசு கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கிராண்டில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்கிறேன். தயவுசெய்து எழுந்து போய் அலமாரியைத் திறந்து அந்தப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு மேலே படிக்கலாம்.

இப்படிக் கேட்க எனக்கு ஒரு காரணம் உண்டு. இந்தத் தவற்றைச் செய்து தலைகுனிந்தவன் நான்.

நான் பட்ட அவமானம்

2004ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரியை முடித்துவிட்டு ஒரு தோட்டப் பள்ளிக்கு வேலைக்கு வந்த புதிது. பட்டணத்திலிருந்து பள்ளிக்குப் பஸ் கிடையாது. பக்கத்து லயத்தில் ஓர் இளைஞர் தம்முடைய ஹோண்டா கப்சாயை விற்கப் போவதாகச் சொன்னார்கள். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அவசரமாகப் புறப்பட வேண்டும். 1,500 வெள்ளிக்குப் பேசி முடித்தோம்.

“பேர் மாத்த நேரமில்ல சார். பாரத்துல கையெழுத்துப் போட்டுத் தரேன், அடையாளக் கார்டு நகலும் தரேன். நீங்க மெதுவா மாத்திக்குங்க” என்றார். நானும் தலையாட்டினேன். அந்தப் பாரம் என் மேசை இழுப்பறையில் இரண்டு ஆண்டுகள் தூங்கியது.

2006 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். அந்த இளைஞரின் தாயார் பால்வெட்டி முடித்த கையோடு, மாற்றுத் துணிகூட உடுத்தாமல் பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் மூன்று கடிதங்கள். மூன்றும் சம்மன். மூன்றிலும் அவருடைய மகன் பெயர். வண்டியை ஓட்டியவன் நான்.

“எம் மவன் லைசென்சு புதுப்பிக்கப் போனானாம். சம்மன் கட்டாம முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். லைசென்சு இல்லாம பாலத்தத் தாண்டி எப்படி வேலைக்குப் போவான்? அவன் என்ன தப்பு செஞ்சான் ஐயா?” என்று கேட்டார்.

பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வந்தவன், அந்த அம்மாவின் முன் வாய் திறக்க முடியாமல் நின்றேன். அன்றே 450 வெள்ளி அபராதத்தையும் கட்டினேன். இளைஞர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். இருவரும் ஒன்றாகச் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போய்ப் பெயரை மாற்றினோம். மாற்றி முடிக்க ஒரு காலைப் பொழுதுகூட ஆகவில்லை. அதற்காகத்தான் இரண்டு ஆண்டுகள் சோம்பல்பட்டிருக்கிறேன்!

சட்டம் சொல்வது

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, வண்டி கைமாறினால் ஏழு நாட்களுக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்கும் இந்தக் கடமை உண்டு. “நான்தான் விற்றுவிட்டேனே” என்று அவர் கை கழுவிவிட முடியாது. அந்த வண்டியால் வரும் சம்மனும், விபத்து நடந்தால் போலீஸ் விசாரணையும் முதலில் பதிவில் இருக்கும் பெயரைத் தேடித்தான் வரும்.

வாங்கியவருக்கும் ஆபத்துக் குறைவில்லை. விற்றவர் பெயரில் இருக்கும் காப்புறுதி, வண்டியோடு சேர்ந்து உங்களுக்கு வந்துவிடாது. நீங்கள் ஓட்டிச் செல்லும்போது ஒருவர்மேல் மோதி அவருக்குக் கால் போனால் என்ன ஆகும்? காப்புறுதி நிறுவனம் வழக்காடும், குடும்பம் கடனாளியாகும். வண்டி திருட்டுப் போனாலும் “இது என் வண்டி” என்று நிரூபிக்க உங்களிடம் பத்திரம் இருக்காது.

150 சிசி வரையுள்ள மோட்டாருக்கு ஆண்டுச் சாலை வரி வெறும் 2 வெள்ளி. நம்மவர்கள் அந்த இரண்டு வெள்ளியைத் தவறாமல் கட்டுகிறார்கள். பெயர் மாற்றுவதை மட்டும் “பிறகு பார்க்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள்.

பழைய வண்டி வாங்கும்போது

முதலில் கிராண்டில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் உள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கீறி அழித்ததுபோல் தெரிந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து, வண்டிமேல் பேங்குக்கோ கடன் நிறுவனத்துக்கோ உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். தவணை முடியாத வண்டியை விற்றவர் உங்கள் பெயருக்கு மாற்றித் தர முடியாது. பாக்கிச் சம்மன் உண்டா என்பதையும் இலாகாவில் விசாரியுங்கள்.

பிறகு வாங்குபவரும் விற்பவரும் ஒன்றாக இலாகாவுக்குச் சென்று, தத்தம் அடையாளத்தை மெய்ப்பித்துப் பெயரை மாற்றுங்கள். முழுப்பணத்தையும் அங்கே வைத்துக் கொடுங்கள். விற்பவர் வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர் என்றால், விமானமோ பஸ்ஸோ ஏறுவதற்கு முன் இது முடிந்தாக வேண்டும். கையெழுத்துப் போட்ட வெறும் பாரத்தை நம்பாதீர்கள்.

சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நம் பெரியவர்கள் சிலர், தமக்குச் சொந்தமாக வண்டி பதிய முடியாது என்று எண்ணிப் பக்கத்து வீட்டார் பெயரில் வாங்கியிருக்கிறார்கள். நிரந்தரவாசியும் தம் பெயரிலேயே பதியலாம். இரவல் பெயர் வேண்டியதில்லை.

அப்பா பெயரில் கடன்

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மகனுக்குச் சம்பளச் சீட்டு இல்லையென்று அப்பா பெயரில் தவணைக்கு மோட்டார் எடுக்கிறோம். ஆறு மாதம் ஒழுங்காகப் பணம் வருகிறது. மகன் சிங்கப்பூருக்கோ வேறெங்கோ போகிறான், அங்கே அறை வாடகை, சாப்பாடு என்று செலவு கூடுகிறது, தவணை நிற்கிறது. கடிதமெல்லாம் லயத்துக்கு, அப்பா பெயருக்கு வருகிறது.

1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் இதில் சில பாதுகாப்புகளைத் தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணை பாக்கி விழுந்த பிறகே வண்டியைப் பறிமுதல் செய்ய வரலாம். அதற்கும் முன்னால் எழுத்துமூலம் அறிக்கை அனுப்பி 21 நாள் அவகாசம் தர வேண்டும். முக்கால் பங்குக்குமேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் தேவை. ஆகவே கடிதம் வந்தால் பயந்து அலமாரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். அந்த 21 நாட்கள் பேசித் தீர்ப்பதற்குக் கிடைத்த நாட்கள்.

தாய்மார்களே, மகன் ஊருக்குப் புறப்படும் முன் “தவணையை யார் கட்டுவது, எந்தத் தேதியில்?” என்று பளிச்சென்று கேட்டுவிடுங்கள். கேட்டால் பிள்ளை கோபித்துக்கொள்வான் என்று இருந்துவிட்டால், பிறகு பேங்க் வந்து கேட்கும்.

பாலத்துக்கு அப்பால்

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளை அங்கேயே மோட்டார் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் அங்கே கணக்கே வேறு. 1990ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் வண்டி பதிய உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். “சி.ஓ.இ.” என்று சொல்வார்கள். பத்தாண்டுதான் அதன் ஆயுள். மோட்டார் சைக்கிளுக்குரிய அந்தச் சான்றிதழின் விலை மட்டும் 2022இல் 10,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. வண்டியின் விலையும் வரியும் காப்புறுதியும் தனி. நம் ஊரில் ஒரு புதுக் கப்சாய் வாங்கும் பணம் அங்கே ஒரு காகிதத்துக்குக்கூடப் போதாது.

அதனால்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மலேசியப் பதிவு மோட்டாரில் விடியுமுன் பாலம் கடக்கிறார்கள். அப்படிப் போகிறவர், சிங்கப்பூரின் நுழைவு அனுமதியும் அங்கே செல்லுபடியாகும் காப்புறுதியும் தம்மிடம் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தினமும் ஜொகூருக்குத் திரும்புகிறவருக்கு ஒரு நிலை. அங்கேயே குடியிருப்பவருக்கு வேறு நிலை. 12 மாதங்களுக்குமேல் அங்கு வசிப்பவர் மலேசிய ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. அந்நாட்டு உரிமமாக மாற்ற வேண்டும். நிரந்தரவாசத் தகுதி கிடைத்துவிட்டால் மலேசியப் பதிவு மோட்டாரை அங்கே ஓட்டுவதே குற்றம். அட்டை கைக்கு வந்த மகிழ்ச்சியில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு நல்ல செய்தி

எனக்குக் கப்சாய் விற்ற அந்த இளைஞரைச் சொன்னேனே, அவர் பின்னர் வேறொரு மோட்டார் வாங்கிப் பல ஆண்டுகள் அதில்தான் பாலம் கடந்தார். அவருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசம் கிடைத்தது. அந்த வண்டி இனி உதவாது. தோட்டத்தில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்க முடிவு செய்தார். கொடுப்பதற்கு முன் எனக்குப் போன் செய்தார்.

“சார், நாளைக்கு லீவு போட்டுட்டு வரேன். தம்பியையும் கூட்டிக்கிட்டு இலாகாவுக்குப் போறோம். நீங்களும் வாங்க. இந்தத் தடவ பாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போறதா இல்ல” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வெளியே வந்தோம். அந்தத் தம்பி, தன் பெயர் இருந்த தாளைப் பள்ளிக்கூடத்துப் பரிசுபோல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் காத்திருந்த அந்த அம்மா அதை வாங்கி, எழுத்துக் கூட்டி மகன் பெயரைப் படித்துவிட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

2023ஆம் ஆண்டு முதல் சாலை வரியைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கும் வசதி வந்துவிட்டது. மைஜேபிஜே என்னும் அந்தச் செயலியைத் திறக்கத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். உங்கள் பெயரில் என்ன வண்டி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். என்றோ விற்ற வண்டி இன்னும் உங்கள் பெயரில் நின்றால், வாங்கியவரை இந்த வாரமே தேடிப் பிடியுங்கள். நீங்கள் வாங்கியது இன்னொருவர் பெயரில் இருந்தால், அவர் தூரதேசம் போவதற்குள் நீங்களே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.