மீசையாகிப் போன பூசை!

வைணவக் கோயில் புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னால் போவது தமிழ்த் திவ்வியப் பிரபந்த கோஷ்டி, வேத பாராயணம் பின்னால்தான்! இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ் பீடம் ஏற எத்தனை காலம் காத்திருந்தது தெரியுமா? நானூறு ஆண்டுகளுக்கு மேல்!

இத்தனைக்கும் தமிழ் அங்கே நுழைந்தது முதல் நாளிலேயே. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூர்க்காரர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல் எது? 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அதுவும் தமிழ் மறைக்கல்வி நூல்தான்!

பீடத்தில் மட்டும் இலத்தீன். சாமியார் சனங்களுக்கு முதுகு காட்டி நின்று முணுமுணுப்பார், சனங்கள் பாட்டுக்குத் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிரசங்கம் வந்தால்தான் இரண்டு பேருக்கும் ஒரே மொழி.

அந்த வழிபாட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? இங்கேதான் பெரிய வேடிக்கை! போர்த்துக்கீசியரின் 'மிஸ்ஸா'வை அப்படியே தமிழில் இறக்கப் போய், அது 'மீசை' என்று காதில் விழுந்ததாம். ஞாயிற்றுக்கிழமை முழு மீசை கண்டாயா என்று கேட்டால் எப்படி இருக்கும்! 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, நம் சனங்களின் வாயில் ஏற்கெனவே இருந்த 'பூசை'யை எடுத்துக்கொண்டார். இன்று அச்சில் 'திருப்பலி'. ஆனால் எங்கள் பக்கத்துப் பாட்டிமார் இன்னும் பூசைக்குத்தான் போகிறார்கள். எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும்.

இலத்தீனும் நமக்கு உதவாமல் இருந்துவிடவில்லை. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதியது இலத்தீனில்! கத்தோலிக்கக் குருவின் அந்த நூலை 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் லுத்தரன் மிஷன்காரர்கள்! திருக்குறளின் அறத்தையும் பொருளையும் அவரே இலத்தீனுக்குக் கொண்டுபோனார்.

கடைசியில் கதவு திறந்தது 1963 டிசம்பர் 4 அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் தந்தது. 1965 மார்ச் 7 அன்று போப் ஆறாம் பவுலே ரோமில் இத்தாலிய மொழியில் பூசை வைத்தார். ரோமிலும் முதலில் வழிபாட்டு மொழி கிரேக்கம்தான், சனங்களுக்குப் புரியவேண்டும் என்றே இலத்தீன் வந்தது!

இப்போது ஒரகடம் ஆலைகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர் உண்டு, வீட்டில் முண்டாரியோ குடுக்கோ பேசுபவர்கள். நம் தமிழ்ப் பூசையில் வந்து நின்றால் அவர்கள் தயங்காமல் கூடச் சொல்லக்கூடிய சொற்கள் 'ஆமென்', 'அல்லேலூயா'. இரண்டும் தமிழில்லை, இலத்தீனுமில்லை. எபிரேயம்!