வரி ஏய்ப்பும் நீதியின் கடமையும்



வரி ஏய்ப்பு பாவமா என்று கேட்போர் உண்டு. வரி செலுத்துவது ஒழுக்கநெறிக் கடமை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது (எண் 2240). வரி ஏய்ப்பை ஏழாம் கட்டளைக்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாக அது வைக்கிறது (எண் 2409). ஆனால் தனி மனிதரின் மனச்சான்று மட்டும் போதுமா? அமெரிக்க நாட்டின் அனுபவம் நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

அங்கு சம்பளம் பெறுவோரின் வரியை வேலை கொடுப்பவரே பிடித்துக் கட்டிவிடுகிறார். எனவே சம்பள வருமானத்தில் கணக்கில் காட்டாமல் விடப்படுவது சுமார் 1 விழுக்காடுதான். வேறு எவரும் அரசுக்குத் தெரிவிக்காத வருமானத்திலோ அது 55 விழுக்காடு என்று ஐஆர்எஸ் எனப்படும் அந்நாட்டு வரித்துறை மதிப்பிட்டுள்ளது. 2022ஆம் ஆண்டுக்கு உரிய காலத்தில் வராத வரி மட்டும் ஏறத்தாழ 69,600 கோடி டாலர்.

பெரும் செல்வரின் கணக்கு பல நிறுவனங்களுக்குள் கிளைவிட்டிருக்கும். அதை ஆராயத் தேர்ந்த தணிக்கையாளர்கள் வேண்டும். 2010க்குப் பின் அத்துறையின் நிதியும் ஆட்களும் குறைந்தபோது, செல்வர்மீதான தணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. ஏழைத் தொழிலாளரின் வரிச் சலுகையைச் சோதிக்கவோ ஒரு கடிதம் போதும்; அது தொடர்ந்து நடந்தது. இது நீதியாகுமா?

2022 ஆகஸ்டில் ஒரு சட்டம் அத்துறைக்குப் பத்தாண்டுகளுக்குச் சுமார் 8,000 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பாதிக்கும் மேல் வரிச் சட்டங்களை அமல்படுத்துவதற்கு. 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் இருந்தும் பெரும் வரிப் பாக்கி வைத்திருந்தோரிடம், 2024 ஜூலைக்குள் 100 கோடி டாலருக்கு மேல் வசூலானது. இவை ஏற்கெனவே தெரிந்திருந்த பாக்கிகள்; கேட்டு வாங்கத்தான் போதிய ஆள் இல்லை! ஆனால் அந்நிதியில் 4,000 கோடி டாலருக்கு மேல் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 2025இல் ஊழியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பகுதியினர் வெளியேறினர்.

அதிகாரிகள் எளியோரைத் துன்புறுத்துவார்களோ என்ற அச்சமும் நியாயமானதே. ஆண்டு வருமானம் 4 லட்சம் டாலருக்கு உட்பட்டோர்மீது தணிக்கை விகிதத்தை முன்பிருந்ததைவிட உயர்த்தக்கூடாது என்று அன்றைய நிதியமைச்சர் ஜேனட் யெல்லன் 2022இல் பணித்தது இதனால்தான். வரி தண்டுவோரின் தலைவரான சக்கேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்ததை நாம் அறிவோம். வரி வாங்குபவருக்கும் நீதி தேவை.

செல்வர் கட்டாத வரியின் சுமை மறைந்துவிடுவதில்லை. அது நேர்மையாகக் கட்டுபவரின் தோளிலும், மருத்துவமனையையும் பள்ளியையும் அரசிடமே எதிர்பார்க்கும் ஏழையின் தோளிலும் விழுகிறது. எனவே நாம் நம் வரியை ஒழுங்காகச் செலுத்துவோம். வலியோரிடமும் சட்டம் செல்லுபடியாகும் வகையில் அதைக் காப்போருக்கு வேண்டிய ஆளும் பொருளும் தரப்பட வேண்டுமெனக் கேட்போம். இதுவும் பிறரன்புப் பணியே.