சுபஹுக்கு மகன் ஏன் எழும்புகிறானில்லை?

பாலமுனையில் சுபஹ் பாங்கு கேட்டதும் வாப்பா எழும்பிவிடுவார். பதினைந்து வயது மகன் அசையமாட்டான். "சோம்பேறி" என்று உம்மா ஏசுவார்.

அது சோம்பல் அல்ல. இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனினைச் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. பருவ வயதில் இந்த உடற்கடிகாரம் ஒன்றிரண்டு மணிநேரம் பிந்திப் போகிறது. பகலில் சேரும் தூக்க அழுத்தமும் (தூங்கவேண்டும் என்ற உந்துதல்) மெதுவாகவே ஏறும். அமெரிக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டிய விசயம் இது. 9 மணிக்குப் படு என்றால், பிள்ளை பாயில் புரளத்தான் முடியும்.

13 முதல் 18 வயது வரை 8–10 மணிநேரத் தூக்கம் வேண்டும், பாடசாலையோ 7.30க்கு. தொழுகை நேரத்தை நகர்த்த இயலாது, வெளிச்சத்தை நகர்த்தலாம். இஷாவுக்குப் பின் விளக்கைக் குறையுங்கள், போனை வாங்கி வையுங்கள். விடிந்ததும் வாசல் வெயிலில் நிற்கட்டும். லுஹருக்குப் பின் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் விட்டுவிடுங்கள். இருபது வயதை ஒட்டிக் கடிகாரம் தானாகவே முன்னுக்கு வரத் தொடங்கும்.