மெல்ல மிதிப்பதும் பயிற்சியே!

மிதிவண்டிப் பந்தயத்துக்குப் பயிற்சி பெறும் வீரர் ஒருவர் நேற்று பெரிய மலையொன்றில் ஏறி இறங்கினார். இன்று காலை மீண்டும் வண்டியை எடுக்கிறார். ஆனால் பள்ளிக்குச் செல்லும் சிறுவன்கூட அவரை முந்திவிடலாம்; அவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார். சோம்பலா? இல்லை. மெதுவாக ஓட்டுவதுதான் இன்று அவருக்கு விதிக்கப்பட்ட பயிற்சி!

வேகமாக ஓட்டினால் என்ன கெட்டுவிடும்? கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் உடலுக்கு எவ்வளவு சுமை குறையும்? எளிய கணக்குகளைக் கொண்டே விடை காண்போம்.

பாலைவனத்தில் ஒரு முகாம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரா பாலைவனத்தின் நடுவே டூசான் என்ற நகரம் இருக்கிறது. ஆள் உயரத்தைப்போல் ஆறேழு மடங்கு வளரக்கூடிய சகுவாரோ கள்ளிகள் அங்கே நிற்கின்றன. குளிர்காலத்தில் வட மாநிலங்களின் சாலைகள் பனியால் மூடப்படும்போது, இங்கே வானம் தெளிந்திருக்கும். மார்ச்சு மாதத்தில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 20 முதல் 27 பாகை செல்சியசு வரைதான். ஆகவே மிதிவண்டி வீரர்கள் இங்கு வந்து முகாமிடுகிறார்கள்.

அவர்களுடைய பெரிய சோதனை லெம்மன் மலை. ஏறத்தாழ 40 கி.மீ. நீளமுள்ள சாலையில் 1,500 மீட்டருக்கும் அதிகமாக ஏற வேண்டும்.

மலை கேட்கும் விலை

வீரரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். இந்த நிறையை 1,500 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 80 × 9.8 × 1,500, அதாவது சுமார் 12 இலட்சம் ஜூல்.

ஆனால் நம் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் கால் பங்கைக்கூடச் சிரமப்பட்டுத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகிறது. எனவே உடல் செலவிடும் ஆற்றல் 48 இலட்சம் ஜூல். உணவுக் கணக்கில் ஏறத்தாழ 1,150 கிலோகலோரி. காற்றின் தடையையும் சக்கரங்களின் உராய்வையும் இதில் சேர்க்கவே இல்லை!

கடுமையாக மிதிக்கும்போது இந்த ஆற்றலின் பெரும்பகுதி கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளிலிருந்து வருகிறது. தசைகளிலும் ஈரலிலும் உள்ள இதன் இருப்பு சுமார் 2,000 கிலோகலோரி அளவுதான். மலையேறி வந்தவரின் களஞ்சியம் பாதிக்குமேல் காலி. நன்றாக உண்டாலும் அது நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவுகள் சீராகவும் காலம் வேண்டும். அவ்வாறு சீராகும்போதுதான் தசை முன்னைவிட வலுப்பெறுகிறது. வலிமை மலையில் கிடைப்பதன்று. மலைக்குப் பின் வரும் ஓய்வில் கிடைப்பது.

வேகம் பாதி, உழைப்பு ஐந்தில் ஒன்று

மறுநாள் வீரர் சமதளத்துக்கு வருகிறார். டூசானில் ரில்லிட்டோ, சாந்தா குரூசு ஆறுகளின் கரையோரமாக மோட்டார் வண்டிகள் வராத பாதை உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் ஆறுகள் வறண்டே கிடக்கும். இங்கே அவர் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சென்றால் காற்றின் தடையை வெல்ல மட்டும் சுமார் 190 வாட் திறன் வேண்டும். 18 கி.மீ. வேகத்தில் சென்றால்? 95 வாட் என்று நினைப்பீர்கள். இல்லை, 24 வாட் போதும்!

காரணம் இதுதான். காற்றுத் தடைவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. எனவே அது வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகும். சக்கர உராய்வையும் சேர்த்தால் முதல் வேகத்துக்குச் சுமார் 230 வாட், இரண்டாவதற்கு 44 வாட். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! இவ்வளவு மெதுவாக மிதிக்கும்போது உடல் பெரிதும் கொழுப்பையே எரிக்கிறது. கிளைக்கோஜன் களஞ்சியம் நிரம்ப வழி கிடைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், அதே 18 கி.மீ. வேகத்தில் செல்லக் காற்றுத் தடைக்கான திறன் 24 வாட்டிலிருந்து நான்கு மடங்காகும். வேகமானி அதே எண்ணைக் காட்டும். கால்களோ கடுமையாக உழைக்கும். ஆகவே வேகமானியை நம்பாதீர்கள். பக்கத்தில் வருபவருடன் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? அதுவே சரியான அளவுகோல்.

கண்ணுக்குத் தெரியாத வியர்வை

மலையேற்றத்தில் 36 இலட்சம் ஜூல் வெப்பமானது அல்லவா? ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 24 இலட்சம் ஜூல் வெப்பத்தைக் கொண்டு செல்லும். அந்த வெப்பம் முழுவதையும் வியர்வையே நீக்குவதானால் ஒன்றரை லிட்டர் தேவை.

மண்பானைத் தண்ணீர் வறண்ட கோடையில் நன்கு குளிர்வதையும், மழைக்காலத்தில் அவ்வளவாகக் குளிராததையும் கவனித்திருப்பீர்கள். பாலைவனக் காற்று மிக வறண்டது. வியர்வை தோன்றியவுடனே ஆவியாகிவிடும், சட்டை நனையாது. “எனக்கு வியர்க்கவே இல்லை” என்று எண்ணித் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர் ஆபத்தை அறியாமலே நெருங்குகிறார். சட்டையில் படியும் வெள்ளை உப்புக் கோடுகளே சாட்சி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். அதற்காக வெறும் நீரை அளவின்றிக் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்து உயிருக்கே கேடு வரலாம். உணவும் உப்பும் உடன் வேண்டும். எளிய நாள், இழந்ததை ஈடுசெய்யும் நாளும் ஆகும்.

ஒரு பழைய கருத்து

மறுநாள் தோன்றும் தசைவலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்றும், மெல்ல மிதித்தால் அது ‘கழுவப்படும்’ என்றும் பலர் கூறுவர். இது சரியன்று. கடும் உழைப்பில் கூடும் லாக்டேட்டு ஓரிரு மணி நேரத்திலேயே பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. வலிக்குக் காரணம் முன்பு சொன்ன நுண்ணிய சிதைவுகளே. மெல்ல மிதிப்பது மாயமருந்து அன்று. கால்களின் இறுக்கம் தளர்கிறது, இரத்தம் நன்றாக ஓடுகிறது, சீரமைப்பும் தடைப்படுவதில்லை. அவ்வளவே அதன் பயன், அதுவே போதும். மிகுந்த களைப்பு இருந்தால் முழு ஓய்வே நல்லது.

மாணவர்களே! விளையாட்டு விழாவுக்கு முன் நாள்தோறும் மூச்சுமுட்ட ஓடுபவரே வெல்வார் என்று எண்ணாதீர்கள். அவ்வாறு ஓடி, போட்டி நாளன்று கால் ஓயும் பிள்ளைகள் உண்டு. அடுத்த முறை நண்பன் உங்களை முந்திச் செல்லும்போது, அன்று உங்களுக்கு எளிய நாளாக இருந்தால், சிரித்துக்கொண்டே வழி விடுங்கள். வேகத்தின் மும்மடியைக் கணக்கிடத் தெரிந்தவருக்கு அது தோல்வியாகாது.