‘நாங்கள்’ என்பதிலிருந்து ‘நாம்’ வரை

“மொழிப்பாடம் சோறு போடுமா? தமிழ் எடுத்தால் புள்ளி குறைந்துவிடுமே!” எஸ்.பி.எம். தேர்வுக்குப் பாடங்களைத் தேர்வு செய்யும்போது நம் மாணவர்கள் பலரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள்.

நான் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும், பிறகு ஜொகூர் பாருவில் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில்கிறேன்; விருப்பப் பாடமாக மாண்டரின் எடுத்துள்ளேன். என் துறைக்கு அது நேரடியாக உதவுமா என்பது வேறு கேள்வி. நான் பிறந்து வளர்ந்த ஊரையே எனக்குப் புதிதாகக் காட்டியவை மொழிகள்தான்.

முதலில், நாம் தினமும் பேசும் மலாயை எடுத்துக்கொள்வோம். கெடாய், கப்பால், மோடால், பெத்தி, காத்தில். இவை நம் கடை, கப்பல், முதல், பெட்டி, கட்டில் ஆகிய சொற்களே. நம்மில் பலர், இந்நாட்டில் தமிழரின் வரலாறு ரப்பர் தோட்டத்தில் தொடங்கியது என்றே நினைக்கிறோம். கப்பலில் வந்து, முதல் போட்டு, கடை வைத்த வணிகர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு வந்துபோனதை இந்தச் சொற்கள் இன்றும் சொல்கின்றன. மலாயும் நமக்குச் சொற்களைத் தந்திருக்கிறது. கம்பம், ரோத்தான், மங்கு என்று நாம் பேசினால் தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் விழிப்பார்!

மொழி சோறு போடுமா என்ற கேள்விக்கும் வரலாற்றில் பதில் உண்டு. நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, மலாக்காவில் பிறந்தவர். அரபு, இந்திய வம்சாவளியினர். சிறுவயதில் அவருடைய தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். அன்றைய மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது. கணக்கு எழுதவும் இந்திய வணிகர்களோடு பேசவும் அது தேவைப்பட்டது. மலாய், அரபு, ஆங்கிலமும் அறிந்த அப்துல்லா, ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணியாற்றினார். அவர் எழுதிய ‘ஹிக்காயாட் அப்துல்லா’ 1849இல் சிங்கப்பூரில் அச்சேறியது. பிழைப்புக்காகக் கற்ற மொழிகள், தாம் வாழ்ந்த சமூகத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கண்ணையும் அவருக்குத் தந்தன. அவருடைய மகன் முகமது இப்ராஹிம் பின்னாளில் நம் ஜொகூர் அரசாங்கத்தில் பணிபுரிந்தார்.

இனி மாண்டரின் வகுப்புக்கு வருவோம். உறவுமுறைச் சொற்கள் பலருக்குத் தலைவலியைத் தந்தன. அப்பாவின் அண்ணன் ‘போபோ’, அப்பாவின் தம்பி ‘ஷுஷு’, அம்மாவுடன் பிறந்தவர் ‘ஜியுஜியு’. ஆங்கிலத்தில் இந்த மூவருமே ‘அங்கிள்’தான். எனக்கோ பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று உடனே மனத்தில் பதிந்துவிட்டது. என் தாய்மொழி இன்னொரு மொழிக்கு ஏணியாகும் என்பதை நான் கண்கூடாக உணர்ந்தது அன்றுதான்.

பண்பாடும் அப்படியே. ஜாலான் துருஸில் உள்ள பழைய சீன ஆலயத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தியோச்சூ, ஹொக்கியென், ஹக்கா, காண்டனீஸ், ஹைனானீஸ் ஆகிய ஐந்து பிரிவினரும் ஆளுக்கொரு தெய்வத்துக்குப் பொறுப்பேற்று வழிபடும் ஆலயம் அது. சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் ஐந்து தெய்வங்களும் ஊர்வலம் வருகின்றன. நம்மை ‘இந்தியர்’ என்று பொதுவாகச் சொல்லும்போது, தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் என்று விளக்கம் தருகிறோம். ‘சீனர்’ என்று நாம் பொதுவாகச் சொல்பவர்களுக்குள்ளும் இத்தனை மொழிகளும் வழக்கங்களும் உண்டு. அந்த ஆலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே ராஜ மாரியம்மன் ஆலயமும் குருத்வாராவும் இருக்கின்றன. தூரம் குறைவுதான். ஆனால், அந்தத் தூரத்தைக் கடக்காமலேயே பள்ளிப் பருவத்தை முடித்துவிடுபவர்கள் நம்மிடையே அதிகம்.

என் தம்பி இவ்வாண்டு படிவம் 4. தமிழ் இலக்கியம் எடுக்கலாமா என்று தயங்குகிறான். உழைப்பு வேண்டும், நேரம் வேண்டும் என்பதை அவனிடம் நான் மறைக்கவில்லை. ஆனால், 15 வயதோடு தமிழை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் பேசும் தமிழ் மிஞ்சும். படிக்கவும் எழுதவும் ஆன தமிழ் கைநழுவும். ஏணியின் பாதிப் படிகளை நாமே கழற்றிவிட்டு, உயரத்தில் இருப்பது எட்டவில்லை என்று சொல்வது நியாயமா?

தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். மலாயிலும் இதே வேறுபாடு உண்டு: ‘கீத்தா’, ‘காமி’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். இன்னொருவரின் மொழியைக் கற்கும்போது, ‘நாங்கள்’ என்று சொல்லி வந்த இடங்களில் ‘நாம்’ என்று சொல்லப் பழகுகிறோம்.

மாணவ நண்பர்களே, தாய்மொழியைத் தேர்வில் கைவிடாதீர்கள். அதோடு, பக்கத்து இருக்கை நண்பரின் மொழியில் பத்துச் சொற்களையாவது இந்த மாதம் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் அவர் மாமாவை எப்படி அழைக்கிறார் என்று கேட்டே தொடங்கலாம்.