ரூபாயா? வெள்ளியா?

குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு உல்லாசப் பயணம் போகிறீர்களா? பெட்டி கட்டும் முன் கடன் அட்டையைக் கவனியுங்கள்!

2020 அக்டோபருக்குப் பின் இந்திய வங்கிகள் கொடுக்கும் புது அட்டை, முதலில் உள்நாட்டில்தான் செல்லும். வெளிநாட்டிலும் செல்லும்படி நாமே வங்கியிடம் சொல்லவேண்டும். இது ரிசர்வ் வங்கி விதி.

கடைக்காரர் கேள்வி

"ரூபாயில் எடுக்கட்டுமா, வெள்ளியில் எடுக்கட்டுமா?" என்று சில கடைகளில் கேட்பார்கள். 'நம் ரூபாய் ஆயிற்றே!' என்று தலையாட்டாதீர்கள். அங்கேதான் சூட்சுமம்! ரூபாயாக மாற்றிக் கொடுப்பவர்கள் தங்கள் லாபத்தையும் விகிதத்தில் சேர்த்துவிடுவார்கள். போதாததற்கு நம் வங்கியும் தனிக் கட்டணம் பிடிக்கலாம். "வெள்ளியிலேயே எடுங்கள்" என்று சொல்லுங்கள்.

ரொக்கம் வேண்டுமா? கடன் அட்டையால் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்!

அட்டை சிறியதுதான். பில் வருவது ஊர் திரும்பிய பிறகு!