அப்பாவிடம் பேசி எத்தனை நாளாயிற்று?



அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் என் மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அப்பாவைப் பற்றி என்றால் நான்கே வரிதான். "அப்பா வேலைக்குப் போவார். களைத்து வருவார். திட்டுவார். பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தருவார்." அந்தக் கடைசி வரியில்தான் அவருடைய அன்பு முழுவதும் இருக்கிறது.

நம் தோட்டத்து அப்பாக்களுக்கு அன்பை வாயால் சொல்லத் தெரியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். கொசுக்கடியில் பால்மரம் வெட்டினார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை; வருமானமும் குறைந்தது. அப்படியும் பள்ளி திறக்கும்போது நமக்குப் புதுச்சட்டை வந்தது. அதற்கு யாரிடம் கடன் வாங்கினார் என்று நாம் கேட்டதுண்டா?

அந்த அப்பாக்கள் இன்று முதியவர்கள். வேலை முடிந்ததும் பலர் தோட்டத்து வீட்டைக் காலி செய்தார்கள். பல தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பட்டணத்து அடுக்குமாடியில் மகன் வீட்டில் இருந்தாலும், பழைய பழக்கத்தில் நாலு மணிக்கே விழித்துக்கொள்கிறார் அப்பா. பேசத்தான் ஆளில்லை. துணைவியும் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தத் தனிமையைக் கேட்கவே வேண்டாம்.

1951-ஆம் ஆண்டு தொடங்கிய ஊழியர் சேமநிதியில் மாதாமாதம் சேர்ந்த பணத்தை 55 வயதில் எடுக்கலாம். பணம் வந்தபோது எல்லாரும் அவரைச் சுற்றி இருந்தோம். மகள் கல்யாணம், மகனுக்கு மோட்டார் சைக்கிள் என்று அது கரைந்தது. அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கினோமா?

மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் தந்தையின் கடமையைச் சொன்னார். மகனின் கைம்மாறையும் சொன்னார். முதல் பாதியை அப்பா செய்து முடித்துவிட்டார். மறுபாதி நம் கையில் இருக்கிறது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். காலையில் அவரோடு உட்கார்ந்து ஒரு காப்பி குடியுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போங்கள். கூட வேலை செய்தவர்களைக் கண்டால் அவர் முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

அப்பா போன பிறகு நாளிதழில் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி செலுத்துகிறோம். அதை அவர் படிக்கப் போவதில்லை. சொல்ல வேண்டியதை இன்றே சொல்லிவிடுங்கள்.